நீலகிரியில் கேன்சர் கூடிவிட்டதா? எண்ணியது யார்?

கோத்தகிரி வாசகர் ஒருவரின் கேள்வி, 3 ஜூன் 2025
எங்கள் ஊரில் நாலைந்து வருஷமாக வீட்டுக்கு வீடு கேன்சர். கேரட், பீட்ரூட் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்துதான் காரணம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இந்தியாவிலேயே நீலகிரியில்தான் அதிகம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியும் சுற்றுகிறது. சுகாதாரத் துறையில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் உண்மையா என்று சொல்லுங்கள்.

3 ஜூன், இரவு
வாட்ஸ்அப் செய்தி பொய். முதலில் அதை அழியுங்கள்.

2012 முதல் 2016 வரைக்கான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டு அறிக்கையில் ஆண்களுக்கு ஆக அதிகம் மிசோரத்தின் ஐசால் மாவட்டம், லட்சத்துக்கு 269.4. பெண்களுக்கு அருணாசலத்தின் பாபும்பாரே, 219.8. பட்டியலின் அடியில் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத், பீட் மாவட்டங்கள். ஆண்களுக்கு 39.5.

ஏறக்குறைய ஏழு மடங்கு வித்தியாசம். மிசோரத்தில் புகையிலைப் புகையைத் தண்ணீரில் இறக்கி அந்தத் தண்ணீரை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு, 'துய்புர்' என்பார்கள். ஆகவே நிஜமாகவே அங்கே நோய் அதிகம்தான். பீட் கதை வேறாக இருக்கலாம். ஸ்கேனும் சதைப் பரிசோதனையும் எட்டாத ஊரில் கேன்சர் எப்போதும் 'குறைவாக'த்தான் இருக்கும். சின்ன எண்ணைப் பார்த்தால் அதனால்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது.

4 ஜூன்
'அப்போ பீடுக்குக் குடிபோயிடலாமா சார்' என்று கேட்ட தம்பிக்கு: போகலாம், அந்த வெயில் தாங்குமானால்.

'வீட்டுக்கு வீடு' பற்றி ஒரு விஷயம். வயது ஏறினால் கேன்சரும் ஏறும். நம் ஹட்டிகளிலும் (படகர் ஊர்கள்) எஸ்டேட் லைன்களிலும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இப்போது மிச்சம் இருப்பது யார்? பிள்ளைகள் திருப்பூர், கோவை, பெங்களூரு. கதவைத் திறந்து 'வாங்க' என்று கூப்பிடுகிறவர்கள் அறுபது தாண்டியவர்கள். அவர்களுக்குள் நோய் அதிகம் தெரிவதில் அதிசயமில்லை. இதற்காகத்தான் பதிவேட்டுக்காரர்கள் வயதைச் சமன்செய்து விகிதம் போடுகிறார்கள். ஜப்பானிய ஆய்வாளர் செகி 1960ல் வகுத்த ஒரு கற்பனை மக்கள்தொகையை வைத்து, 'எல்லா ஊரிலும் கிழவர்களும் குழந்தைகளும் ஒரே விகிதத்தில் இருந்தால் எவ்வளவு வரும்' என்று கணக்கிடுவது. மேலே நான் கொடுத்த எண்களெல்லாம் அப்படிப்பட்டவை. உங்கள் தெருவில் நீங்கள் எண்ணியது அப்படி இல்லை.

அதற்காக உங்கள் எண்ணிக்கையைத் தள்ளிவிடவில்லை. கவனமாகப் படியுங்கள்.

4 ஜூன், இரவு
என்னைத் தெரியாதவர்களுக்கு: வட்டார சுகாதாரப் புள்ளியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கூடலூர், பந்தலூர் பக்கம்தான் பெரும்பாலான வருஷங்கள். துணை சுகாதார நிலையங்களிலிருந்து வரும் தாள்களை மாதக் கடைசியில் கூட்டி மாவட்டத்துக்கு அனுப்புவது என் வேலை. பிரசவம், தடுப்பூசி, காய்ச்சல் இவற்றில் ஓர் எண் இடித்தாலும் மறுநாளே போன் வரும். இறப்புக் காரணத்தில் என்ன எழுதியிருந்தாலும் ஒருவரும் கேட்டதில்லை.

தாய் மரணமும் சிசு மரணமும் இதற்கு விலக்கு. ஒரு தாய் இறந்தால் கலெக்டர் முன்னிலையில் கூட்டம் போட்டு, ஆம்புலன்ஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது, ரத்தம் யார் கொடுத்தது, எங்கே தாமதம் என்று அலசுவார்கள். வி.எச்.என்.கள் (கிராம சுகாதார செவிலியர்கள்) அந்தக் கூட்டத்துக்கு நடுங்கிக்கொண்டுதான் போவார்கள். ஆனாலும் அந்த அலசல் இல்லாமல் தமிழ்நாட்டில் தாய் மரணம் இவ்வளவு குறைந்திருக்காது என்பது என் எண்ணம். கேன்சர் சாவுக்கு அப்படி ஒரு நாற்காலிகூட யாரும் போட்டதில்லை.

வீட்டில் நடக்கும் சாவுக்கு டாக்டர் வருவதில்லை. பதிய வருபவர் மகன், அல்லது பக்கத்து வீட்டுக்காரர். காரணம் கேட்டால் 'வயசாச்சுங்க', 'நெஞ்சுவலி', 'கொஞ்ச நாளா முடியாம கெடந்தாங்க'. அதுவே பதிவாகும். பன்னாட்டு நோய்க் குறியீட்டில் முதுமைக்கு ஆர்54 என்று ஒரு குறி உண்டு. கேன்சர் எல்லாம் சி வரிசை. எங்கள் பக்கத்து ஆர்54களைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நிறைய சி இருக்கும். இந்தியா முழுக்க 2020ல் பதிவான இறப்புகளில் மருத்துவச் சான்றோடு காரணம் எழுதப்பட்டவை 22.5 சதவீதம்தான்.

செய்ய முடியாத காரியம் இல்லை இது. சென்னையிலும் விழுப்புரத்துக் கிராமங்களிலும் 80,000 வயதுவந்தோர் மரணங்களுக்கு, பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீட்டுக்கே போய், கடைசி மாதங்களில் என்னென்ன தொந்தரவு இருந்தது என்று உறவினரிடம் கேட்டு எழுதி, டாக்டர்கள் அதைப் படித்துக் காரணம் குறித்தார்கள். 2004ல் அந்த ஆய்வு வெளிவந்தது. 'காரணம் தெரியவில்லை' என்ற கட்டு பெருமளவு இளைத்தது. அவர்கள் செய்தது கேட்டதுதான், பொறுமையாக.

7 ஜூன்
'தமிழ்நாடு முழுக்கப் பதிவேடு இருக்கிறதே, பிறகென்ன' என்று ஒருவர். இருக்கிறது. மறுக்கவில்லை. 1954ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்தான் 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னை நகரத்துக்குப் பதிவேடு நடத்துகிறது. 2012 முதல் அரசோடு சேர்ந்து மாநிலம் முழுக்க விரித்தார்கள். இந்தியாவில் பத்தில் ஒரு பங்கு மக்கள்தான் இப்படி ஒரு பகுதியில் வசிக்கும் எல்லாரையும் கணக்கில் கொள்ளும் கேன்சர் பதிவேட்டுக்குள் வருகிறார்கள் என்று வெகுகாலம் சொல்லிவந்த நாட்டில் இது பெரிய காரியம். அந்த இன்ஸ்டிட்யூட்டைப் பல காலம் நடத்திய டாக்டர் சாந்தா அம்மாவுக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

என் தகராறு வேறிடத்தில். பந்தலூர், சேரம்பாடி, அய்யன்கொல்லிக்காரர்கள் உடம்புக்கு முடியாவிட்டால் எங்கே போகிறார்கள்? ஊட்டிக்கா? சுல்தான் பத்தேரிக்குப் போவார்கள். அங்கே முடியாது என்றால் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜ். பணம் கொஞ்சம் புரண்டால் மைசூரு. இன்னும் சிலர் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. (வட்டாரக் கேன்சர் மையம்). குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்குக் கோவை. ஆக ஒரே மாவட்டத்து நோயாளி மூன்று மாநிலத்து ஆஸ்பத்திரிகளில் சிதறிக் கிடக்கிறார். கோழிக்கோட்டில் சதைப் பரிசோதனை செய்த சேரம்பாடிக்காரர் நீலகிரிக் கணக்கில் ஏற வேண்டுமானால் கேரளத்துப் பதிவும் தமிழ்நாட்டுப் பதிவும் பேசிக்கொள்ள வேண்டும்.

முகவரி அதைவிடப் பெரிய தலைவலி. கேட்டால் 'கூடலூர்' என்பார்கள். எந்தக் கூடலூர்? நம்முடையதா, தேனியில் கம்பம் பக்கத்துக் கூடலூரா, கோவையில் பெரியநாயக்கன்பாளையம் பக்கத்துக் கூடலூரா? 'செல்வி, க/பெ முருகன், கூடலூர்' என்று ஒரு வரியை வைத்துக்கொண்டு யாரைத் தேடுவது!

அதோடு கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைக்க வேண்டும் என்றால் வாரத்தில் ஐந்து நாள், ஐந்தாறு வாரம். தினமும் மலை ஏறி இறங்க முடியுமா? மேட்டுப்பாளையத்தில் மச்சான் வீடு, சுந்தராபுரத்தில் தங்கை வீடு, அதுவும் இல்லையென்றால் ஆஸ்பத்திரி எதிரே ஒரு ரூம். ஓ.பி. சீட்டில் ஏறுவது அந்த முகவரி. பதிவேட்டு விதிப்படி ஓராண்டாவது வசித்த ஊர்தான் நோயாளியின் ஊர். விதி சரி. கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த விதியை யார் சொன்னது? பின்னால் வரிசையில் இருநூறு பேர் நிற்கிறார்கள்.

கோவைக் கணக்கு வீங்கும், நம் கணக்கு வாடும்.

8 ஜூன்
'ஊட்டியில் 700 படுக்கையோடு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இந்த ஏப்ரலில் திறந்தாச்சே, இனி கணக்கு சரியாகிவிடும்' என்பவருக்கு.

ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை எண்ணுவது ஒன்று. ஒரு மாவட்டத்தில் வசிக்கும் எல்லாருக்குள்ளும் எத்தனை பேருக்கு வந்தது என்று எண்ணுவது இன்னொன்று. முதல் கணக்கு டாக்டருக்கும் மருந்து வாங்குபவருக்கும் உதவும். நோய் கூடியதா குறைந்ததா என்பதை அது சொல்லாது. இன்னொன்றும் இப்போதே எழுதிவைக்கிறேன்: புது ஆஸ்பத்திரி நன்றாக நடந்தால் அடுத்த சில வருஷங்களில் நீலகிரியின் கேன்சர் எண்ணிக்கை ஏறும். ஏறத்தான் வேண்டும். அப்போது இதே இழையில் யாராவது வந்து 'பார்த்தீங்களா, கூடிடுச்சு' என்று எழுதினால் இந்தக் குறிப்பைக் காட்டுங்கள்.

தென்கொரியாவில் இதன் உச்சம் நடந்தது. 1999ல் பரிசோதனைத் திட்டம் தொடங்கியபின் கூடவே கழுத்து ஸ்கேனும் பரவி, 2011ல் தைராய்டு கேன்சர் 1993ல் இருந்ததைப்போல் 15 மடங்கு ஆனது. சாவு எண்ணிக்கை அசையவே இல்லை.

12 ஜூன்
மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. (மின்வாரியக் கரண்ட்.) தேவாலா மழை தெரியும்தானே.

கேள்வி கேட்டவர் தனிச்செய்தியில் 'உலக அளவில் எப்படி' என்றார். பிரான்சின் லியோன் நகரில் உலக சுகாதார நிறுவனத்தின் கேன்சர் ஆய்வு முகமை இருக்கிறது. 'குளோபோகான்' என்ற மதிப்பீட்டை அவர்கள் வெளியிடுகிறார்கள். 2022க்குப் புதிய நோயாளிகள் சுமார் 2 கோடி, மரணம் 97 லட்சம். 2050ல் புதியவர்கள் 3.5 கோடியைத் தாண்டுவார்கள் என்கிறார்கள். மொத்தத்தில் 77 சதவீத ஏற்றம். வளர்ச்சிக் குறியீட்டில் அடிமட்டத்தில் இருக்கும் நாடுகளில் மட்டும் பார்த்தால் ஏற்றம் 142 சதவீதம்.

எனக்குத் தூக்கம் கெடுத்தது மார்பகக் கேன்சர் கணக்கு. மேல்தட்டு நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் வருகிறது, 71ல் ஒருவர் அதனால் இறக்கிறார். அடிமட்ட நாடுகளில் 27ல் ஒருவருக்குத்தான் வருகிறது, ஆனால் 48ல் ஒருவர் இறக்கிறார். வகுத்துப் பாருங்கள். மேல்தட்டு நாடுகளில் நோய் கண்ட ஆறு பேரில் ஒருவர் போகிறார். அடிமட்ட நாடுகளில் இரண்டில் ஒருவருக்கு மேல். நோய் குறைவாக வரும் இடத்தில் சாவு அதிகம். குழந்தைகள் கணக்கு இன்னும் மோசம். பணக்கார நாடுகளில் கேன்சர் வந்த பிள்ளைகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள், ஏழை நாடுகள் பலவற்றில் 30ஐத் தொடுவதில்லை.

இதில் ஒரு பொடி எழுத்து இருக்கிறது, அதை யாரும் படிப்பதில்லை. பல நாடுகளுக்குப் பதிவேடே கிடையாது. அந்த நாட்டு எண்ணை அக்கம்பக்கத்து நாடுகளின் எண்ணிலிருந்து மதிப்பிட்டுப் போடுகிறார்கள். வேறு வழியில்லை, வெற்றிடமாக விடுவதைவிட மேல். ஆனால் வரைபடத்தில் எல்லா நாட்டுக்கும் ஒரே மாதிரி வண்ணம் பூசியாகிவிடுகிறது. எண்ணியது எது, ஊகித்தது எது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஆஸ்திரேலியா அடர் நிறம், ஆப்பிரிக்கா வெளிர். ஆப்பிரிக்காவில் 20க்கும் மேற்பட்ட நாடுகளில் கரண்ட் வைக்க ஒரு மெஷின்கூட இல்லை என்று 2022ல் பன்னாட்டு அணுசக்தி முகமை சொன்னது. மெஷின் கேட்டுப் போகும் அமைச்சரிடம் 'உங்கள் நாட்டில் எத்தனை நோயாளிகள்' என்றுதான் முதலில் கேட்பார்கள். கையில் கணக்கு இல்லாதவர் அங்கே என்ன பேசுவார்?

13 ஜூன்
'இந்தியாவுக்கு 14.1 லட்சம் என்று ஓரிடத்தில், 14.6 லட்சம் என்று ஓரிடத்தில். எது சரி?' இரண்டுமே 2022க்கான மதிப்பீடு. முதலாவது லியோன்காரர்கள், இரண்டாவது நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.). வேறு வேறு கணக்கு முறை. நடுவில் நிற்கும் அரை லட்சம் பேர் நீலகிரி மாதிரி ஊர்க்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். (தமாஷ். பாதி தமாஷ்.)

தேசிய விகிதமான லட்சத்துக்கு 100ஐ அப்படியே நம் 2011 மக்கள்தொகையான 7,35,394க்குப் போட்டால் வருஷத்துக்கு 700க்கு மேல் புது நோயாளிகள் வருவார்கள். இது வெறும் பெருக்கல். இதை எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள், தயவுசெய்து.

20 ஜூன்
தோட்டத்துக்கு அடிக்கும் மருந்துக்கு வருகிறேன். இத்தனை நாள் தள்ளிப்போட்டது, இதில் எது எழுதினாலும் யாராவது ஒருவர் என்னை 'கம்பெனி ஆள்' என்பார் என்பதால்.

பூச்சிமருந்து கெடுதல். கையுறை இல்லாமல், முகத்துக்கு ஒரு துண்டுகூட இல்லாமல் அடிக்கிறவர்களை நானே கேத்தி பள்ளத்தாக்கில் பார்த்திருக்கிறேன். அதற்குத் தடையும் கட்டுப்பாடும் கேட்க கேன்சர் கணக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அது தனி வழக்கு. ஆனால் 'நம் ஊர் கேன்சருக்கு மருந்துதான் காரணம்' என்று சொல்ல, நம் ஊரில் எந்த உறுப்பில், எந்த வயதில், ஆணுக்கா பெண்ணுக்கா என்ற பட்டியலாவது வேண்டாமா?

பஞ்சாபில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. பருத்தி வட்டாரத்திலிருந்து ராஜஸ்தானின் பிக்கானேர் ஆஸ்பத்திரிக்குப் போகிற ரயிலுக்கே 'கேன்சர் ரயில்' என்று பெயர் விழுந்தது. பிறகு பதிவேடு வைத்து எண்ணினார்கள். பருத்திக் காட்டு மான்சா, சங்ரூர் மாவட்டங்களைவிடச் சண்டிகர் நகரத்தில் விகிதம் அதிகம். அப்படியானால் மருந்து குற்றமற்றதா? அதையும் சொல்ல முடியாது. நகரத்தில் கண்டுபிடிக்க வசதி அதிகம், அதனால் எண்ணிக்கையும் அதிகம் என்பது ஒரு பக்கம். ரயிலில் ஏறியவர்கள் அத்தனை பேரும் நிஜமான நோயாளிகள், சொந்த மாவட்டத்தில் வைத்தியம் இல்லாததால் ஏறியவர்கள் என்பது இன்னொரு பக்கம். அந்த ரயில் எதைக் காட்டியது என்று கேட்டால், பிக்கானேருக்கு இந்தப் பக்கம் ஆஸ்பத்திரி இல்லை என்பதைக் காட்டியது என்பேன்.

எதிர்ப்பக்க உதாரணம் கேரளத்தின் கருநாகப்பள்ளி. கடற்கரை மணலில் மோனசைட், அதில் தோரியம், இயற்கையிலேயே கதிரியக்கம் அதிகம். எல்லாருக்கும் கேன்சர் வரும் என்ற பயம். 1990ல் அங்கே பதிவேடு தொடங்கி, வீடு வீடாகக் கதிர்வீச்சு அளந்து, லட்சக்கணக்கானவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். மணல் கதிர்வீச்சால் கேன்சர் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009ல் எழுதினார்கள். அப்படி ஒரு வேலையை இந்த மலையில் செய்திருந்தால் உங்கள் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லியிருப்பேன்.

21 ஜூன்
எதிர்பார்த்தபடியே 'கம்பெனி ஆள்' வந்துவிட்டது. ஓய்வூதியத்தோடு கம்பெனிப் பணமும் வந்தால் முதலில் கூரையை மாற்றுவேன்.

ஆனால் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. 'கணக்கு வரட்டும், கணக்கு வரட்டும் என்றே முப்பது வருஷம் ஓட்டிவிடுவார்கள்' என்கிறார். உண்மை. தரவு இல்லை என்பதையே சாக்காக வைத்து ஒன்றும் செய்யாமல் இருப்பதை நான் வேலை பார்த்த காலத்திலேயே பார்த்திருக்கிறேன். வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கம் லைன் வீடுகளில் எவ்வளவு என்று எந்த வி.எச்.என்.னைக் கேட்டாலும் சொல்வார். வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கப் பதிவேடு தேவையில்லை.

29 ஜூன்
பழனி மலைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார்: 'எங்க கொடைக்கானல்லயும் இதே நிலைமைதான்.'

இல்லை அம்மா, நீங்கள் ஒரு விதத்தில் எங்களைவிடக் கொடுத்துவைத்தவர்கள். ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கை தெரியும் உங்களுக்கு. அங்கேயுள்ள மருத்துவமனையில் 2003ல் திண்டுக்கல் மாவட்டத்துக்கென்று ஒரு பதிவேடு தொடங்கினார்கள். கொடைக்கானல் உங்கள் மாவட்டம் என்பதால் மலையும் அதற்குள். நீலகிரி மாநிலப் பதிவேட்டுக்குள் வருவதற்குச் சுமார் பத்து வருஷம் முன்பே. லியோன்காரர்கள் தரம் பார்த்து ஐந்து கண்டங்களின் கணக்கைத் தொகுப்பார்களே, அந்தப் பெருந்தொகுப்பிலும் திண்டுக்கல் அம்பிளிக்கை ஏறியது. மகாராஷ்டிரத்தின் பார்ஷியில் 1987ல் நாட்டின் முதல் கிராமப்புறப் பதிவேடு தொடங்கியபோது, நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார், நாம்தான் ஊருக்குப் போக வேண்டும் என்று ஊர்க்கூட்டம் போட்டு எண்ணினார்கள். அந்த வழியில் வந்தவை இவை.

அதைவிடப் பெரிய விஷயம், கருப்பைவாய்க் கேன்சருக்கு வினிகர் தடவிப் பார்க்கும் சோதனை. வினிகரின் அமிலத்தை நீர்த்த அளவில் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, வெள்ளையாகத் திட்டு தெரிகிறதா என்று நர்ஸ் வெறும் கண்ணால் பார்ப்பது. லேப் வேண்டாம், மலையிலிருந்து இறங்க வேண்டாம். இது வேலை செய்கிறதா என்பதைத் திண்டுக்கல் மாவட்டத்துப் பெண்களிடம்தான் பார்த்தார்கள். 30 முதல் 59 வயது வரை. சோதனைக்கு அழைக்கப்பட்ட குழுவில் 49,311 பேர், அழைக்கப்படாத குழுவில் 30,958 பேர். ஒரே ஒரு முறை சோதித்ததிலேயே அழைக்கப்பட்ட குழுவில் நோய் 25 சதவீதம் குறைவு, மரணம் 35 சதவீதம் குறைவு. 2007ல் லான்செட்டில் வந்தது. இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தச் சோதனை நடக்கிறதென்றால் திண்டுக்கல் பெண்களுக்கு அதில் பங்கு உண்டு.

30 ஜூன்
நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். அந்த 30,958 பேர் மனதில் உறுத்துகிறார்கள்.

வழக்கமான வைத்தியம் மட்டும் என்று விடப்பட்டவர்கள் அவர்கள். வழக்கமான வைத்தியம் என்றால் அந்தக் காலத்தில் சோதனையே இல்லை. மேலைநாட்டில் பாப் ஸ்மியர் (கருப்பைவாயில் செல்லைத் தடவி எடுத்து லேபில் பார்ப்பது) பல பத்தாண்டுகளாகப் பழகிய ஒன்றாக இருந்தபோது, இங்கே ஒரு குழுவைச் சோதிக்காமல் வைத்து எண்ணியது சரியா என்று பின்னால் பெரிய விவாதம் நடந்தது. எங்கும் சோதனை இல்லாத நாட்டில் எது வேலை செய்யும் என்று காட்டாமல் அரசு பணம் போடாது என்பது ஆய்வாளர் தரப்பு. இரண்டு பக்கமும் எனக்குப் புரிகிறது, எந்தப் பக்கமும் முழுக்க நிற்க முடியவில்லை. உலகத்துக்கே உதவிய கணக்கு அது. அதைக் கொடுத்தவர்கள் வேடசந்தூர் சந்தைக்கு நடந்து போகிற மாதிரிப் பெண்கள். அவர்களில் எத்தனை பேர் வீட்டுக்கு அந்த முடிவு திரும்பப் போயிருக்கும்?

ஏழை ஊரிலிருந்து எண் மேலே போகிறது. கீழே வருவதில்லை. நான் அனுப்பிய தாள்களும் அப்படித்தான்.

6 ஜூலை
'தோடர், கோத்தர், பணியர் என்று இனவாரியாகக் கணக்கு வேண்டும்' என்று ஒரு கல்லூரி மாணவி. நல்ல எண்ணம்தான். கணக்கு ஒத்துழைக்காது.

தோடர்கள் மொத்தம் சுமார் 2,000 பேர். ஒரு வருஷம் ஒருவருக்கு வந்தால் லட்சத்துக்கு 50. அடுத்த வருஷம் இருவருக்கு வந்தால் 100. 'தோடரிடையே கேன்சர் இரட்டிப்பு' என்று மறுநாள் தலைப்பு வரும். அதற்கடுத்த வருஷம் யாருக்கும் இல்லையென்றால் 'கேன்சரே இல்லாத மக்கள்' என்று எருமைப்பால் விற்க ஆள் வரும். பத்து வருஷத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது பேச முடியும்.

இன்னொன்று. ஒரு மந்தில் (தோடர் குடியிருப்பு) சில குடும்பங்கள்தான். '55 வயதுப் பெண், மார்பகம், 2019' என்று அச்சிட்டாலே அது யார் என்று மலை முழுக்கத் தெரியும். பெயர் போடாவிட்டாலும் பெயர் போட்டதுதான்.

பணியர், காட்டுநாயக்கர் விஷயத்தில் என் கவலை வேறு. அங்கே கேன்சர் ஏறக்குறைய இல்லை என்று எங்கள் தாள்களில் இருக்கும். கூடலூரில் ஆதிவாசிகளுக்கென்றே 1990ல் தொடங்கிய ஆஸ்பத்திரியும் அதன் சுகாதாரப் பணியாளர்களும் இருப்பதால் நிலைமை மற்ற இடங்களைவிட மேல். ஆனாலும் கோழிக்கோடு வரை போய் வாரக்கணக்கில் தங்க மாட்டேன் என்று பாதியில் காட்டுக்குத் திரும்புகிறவரை எந்தப் பதிவேடு பின்தொடரும்?

7 ஜூலை
'கேன்சரை ஏன் மறைக்கிறார்கள், படித்தவர்களே மறைக்கிறார்களே' என்று கேட்டவருக்கு.

பெண்ணுக்கு வரன் பார்க்க வேண்டும், அதனால். 'அம்மாவுக்கு இருந்ததாமே, பொண்ணுக்கும் வருமோ' என்று ஒரு வார்த்தை விழுந்தால் போச்சு. தேவாலா பக்கம் ஓர் எஸ்டேட் லைனில் ஒரு அம்மா, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம், மார்பில் கட்டியை ஒரு வருஷத்துக்கு மேல் ரவிக்கைக்குள் துணி வைத்து மறைத்துக்கொண்டு கொழுந்து பறித்தார். வி.எச்.என். கண்டுபிடித்தது நாற்றத்தை வைத்து. ஏன் சொல்லவில்லை என்றதற்கு, 'லீவு போட்டா அன்னிக்குக் கூலி போச்சு சார், சொன்னா மட்டும் என்ன பண்ணப்போறீங்க' என்றார். அவர் இறந்தது திருப்பூரில், மகன் வீட்டில். என் பதிவேட்டில் அவர் பிறந்ததும் இல்லை, இறந்ததும் இல்லை. பிள்ளைகளுக்கு ஊசி போட்ட வரி மட்டும் இருந்தது.

'என்ன பண்ணப்போறீங்க' என்றதற்கு எனக்குப் பதில் இல்லைதான். வலிக்கு மார்ஃபின் மாத்திரை கொடுத்திருக்கலாம், கோழிக்கோட்டில் அதற்குத் தொண்டர் படையே இருக்கிறது. 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இப்போது வீட்டுக்கே நர்ஸ் வருகிறார், வலி நிவாரணமும் அந்தத் திட்டத்தில் உண்டு. அன்றைக்கு அது இல்லை.

19 ஜூலை
'பேசியது போதும், என்ன செய்ய' என்று கோத்தகிரிக்காரரே திரும்ப வந்திருக்கிறார். தன் ஊரில் பத்து வருஷத்தில் கேன்சரால் இறந்தவர்கள் என்று ஒரு பட்டியலும் போட்டிருந்தார், பெயர், வீட்டுப் பெயர் சகிதம். அதை எடுக்கச் சொல்லித் தனிச்செய்தி அனுப்பினேன், எடுத்துவிட்டார். நன்றி.

ஆனால் அந்தப் பட்டியலை வீணாக்காதீர்கள் சார். பெயருக்குப் பதில் எண் போடுங்கள். ஆணா பெண்ணா, எந்த வயதில் தெரிந்தது, எந்த உறுப்பு, எந்த வருஷம், சதைப் பரிசோதனை செய்ததா, எந்த ஊரில் செய்தது, இறந்தபோது எங்கே இருந்தார். 'வயிற்றில் புண்' என்று சொன்னவர்களை அப்படியே 'வயிற்றில் புண்' என்றே எழுதுங்கள், நீங்களாக கேன்சர் ஆக்காதீர்கள். ஊரில் இப்போது இருக்கும் எல்லாரின் வயதையும் தனித்தாளில் எடுங்கள், அது இல்லாமல் முதல் தாளுக்கு மதிப்பில்லை. பதிவேட்டு ஆட்கள் மாவட்டத்துக்கு வரும்போது மருத்துவ அலுவலர் வழியாகக் கொடுங்கள். அவர்களிடம் இருக்கும் பெயர்களோடு ஒப்பிட்டு விடுபட்டது எத்தனை என்று அவர்களே பார்க்கட்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு: கோவையோ கோழிக்கோடோ, ஓ.பி. சீட்டில் சொந்த ஊர் முகவரியைப் பின்கோடு வரை சொல்லி எழுதச் சொல்லுங்கள். மச்சான் வீட்டு முகவரி போனுக்குக் கீழே இரண்டாவதாக இருக்கட்டும். 'கூடலூர்' என்று நிறுத்தாமல் 'நீலகிரி' என்று சேருங்கள். இறப்பைப் பதியும்போது டிஸ்சார்ஜ் சீட்டின் நகலைக் கையில் கொண்டுபோங்கள்.

இன்னொன்று, எஸ்டேட் பக்கம் இருப்பவர்களுக்கு. இப்போது லைன் வீடுகளில் பாதிப் பேர் ஜார்க்கண்ட், அசாம்காரர்கள். உடம்புக்கு முடியாமல் போனால் ரயில் ஏறிவிடுகிறார்கள், நம் கணக்கிலும் இல்லை, பெரும்பாலும் அவர்கள் ஊர்க் கணக்கிலும் இருக்காது. ரேஷன் கார்டில் தேடினால் கிடைக்கமாட்டார்கள். மஸ்டர் ரோலில் (வருகைப் பதிவில்) யார் வேலைக்கு வருவதை நிறுத்தினார்கள், ஏன் என்று மேஸ்திரியைக் கேளுங்கள். அதற்கு ஒரு தாள் தனியாக வையுங்கள்.